விரிசல் கண்ட பாதை: செப்பனிடுவதா, பெயர்த்தெடுப்பதா?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கட்டடப் பராமரிப்புக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்படைக்கப்பட்ட பின்னர் நம்முன் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பொருள். தெருவாசல் கேட்டிலிருந்து ஹவுள் வரை செல்லும் கான்கிரீட் பாதையை என்ன செய்வது என்பதே அது. கேட்பதற்குச் சிறிய செய்தியாகத் தோன்றும். ஆயினும் இந்த ஒரு பாதையைப் பற்றி இந்த ஆண்டில் நாம் பேசிய அளவுக்கு வேறெதைப் பற்றியும் பேசியதில்லை. “முழுவதையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்” என்பவர்கள் ஒரு பக்கம். “நாலு மூட்டை சிமெண்டில் முடிகிற வேலைக்கு ஜமாஅத் பணத்தைக் கொட்டுவானேன்?” என்பவர்கள் மறுபக்கம். இரு தரப்பாரும் ஜமாஅத்தின் நன்மையை நாடியே பேசுகின்றனர் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எனவே, எந்தத் தரப்பையும் சாராமல், நாங்கள் கண்டதைக் கண்டபடியே உங்கள்முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலில் எங்கள் தவறு

பிறவற்றைச் சொல்லுமுன் எங்கள் குழுவின் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. சென்ற ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சுப்ஹுத் தொழுகைக்கு வருகையில் இந்தப் பாதையில் இடறி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்ததை அனைவரும் அறிவீர்கள். அவரைக் காணச் சென்றபோது அவர் கடிந்து ஒன்றும் கூறவில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு செய்தி எங்களை உறுத்தியது. அந்த இடத்தில் தளம் இறங்கியிருப்பதை அவர் நெடுநாளாகவே அறிந்திருந்தார். அதைப் பார்த்துக் கால் தூக்கி வைத்தே நடந்து வந்தார். அதன்மேல் நாங்கள் பூசிவைத்த சிமெண்டுக் கலவை பள்ளத்தை மறைத்துவிட்டது. சரிசெய்துவிட்டார்கள் என்று நம்பி அவர் காலை வைத்தார். பூச்சின் விளிம்பு உடைந்து பெயர்ந்தது, அவர் விழுந்தார்.

அந்தப் பூச்சு எங்கள் முடிவினால் போடப்பட்டது. செலவு குறைவு என்பதற்காக, பழைய தளத்தின்மேல் அரை அங்குலக் கனத்தில் கலவை பூசி மட்டப்படுத்தச் சொன்னோம். பழைய கான்கிரீட் தன் சுருக்கத்தையெல்லாம் முன்பே முடித்துவிட்டது. புதிய பூச்சோ உலர உலரச் சுருங்குகின்றது. இரண்டும் ஒட்டி நிற்க வேண்டுமானால் பழைய பரப்பைக் கொத்தி, தூசி நீக்கி, நனைத்து, பற்றுப் பிடிக்கச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தாலும் கீழுள்ள தளம் அசையுமானால் மேலுள்ள பூச்சு நிலைக்காது. எங்கள் பூச்சு ஒரு மழைக்காலத்திலேயே அப்பளம்போல் எழும்பியது. விரிசலை மறைப்பதும் விரிசலைச் செப்பனிடுவதும் ஒன்றல்ல என்னும் பாடத்தை நாங்கள் மற்றொருவரின் எலும்பைக் கொண்டு கற்றோம். அதனால்தான் இம்முறை அவசரப்படாமல், ஒரு கோடையும் ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் கடக்கும்வரை பாதையைக் கவனித்த பின்னரே உங்கள்முன் வந்துள்ளோம்.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல

கான்கிரீட் விரிசல் விடுவது அதன் இயல்பு. கலவையில் ஊற்றும் நீரில் ஒரு பகுதியே சிமெண்டுடன் வினைபுரிந்து இறுகுகின்றது. எஞ்சியது மெல்ல ஆவியாகிறது. அப்போது தளம் சுருங்குகின்றது. அடியிலுள்ள மண் அதனைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றது. இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் கான்கிரீட்டுக்கு மிகக் குறைவு. ஆகவே அது எங்கேனும் ஓரிடத்தில் பிளந்தே தீரும். விரிசல் வராமல் தடுப்பதைவிட, அது எங்கே வர வேண்டும் என்பதை நாமே முடிவு செய்வதுதான் பொறியாளரின் வேலை. அதற்காகவே தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இடையில் இணைப்புக் கோடு விடுகின்றனர். அந்த இடைவெளி தளத்தின் கனத்தைப்போல் 24 முதல் 30 மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அதன்படி 4 அங்குலத் தளத்தில் 8 முதல் 10 அடிக்கு ஓர் இணைப்பு வேண்டும். நம் பாதையிலோ 12 அடிக்கு ஒன்றாகவே விட்டிருக்கின்றனர். சில கட்டங்களின் நடுவே குறுக்காக ஒரே கோடாக ஓடும் விரிசல் ஏன் வந்தது என்பதற்கு விடை இதுவே. நாம் விடாத இணைப்பைக் கான்கிரீட் தானே விட்டுக்கொண்டது.

இத்தகைய விரிசல் பார்வைக்கு அழகன்று; ஆனால் ஆபத்துமன்று. தலைமுடி அளவில் வலைபோல் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் விரிசல்களும் அவ்வாறே. ஊற்றிய அன்று வெயிலும் காற்றும் மேற்பரப்பை விரைந்து உலர்த்தியதால் வந்தவை அவை. அஞ்ச வேண்டியவை வேறு: ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்து நிற்கும் விரிசல், ஆண்டுக்காண்டு அகலும் விரிசல், ஒரே கட்டத்தைப் பல துண்டுகளாக்கும் விரிசல், துருக்கறை கசியும் விரிசல். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்காகப் பெருகிக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கின்றது. மேற்சொன்ன நான்கும் தளத்தின் கீழோ உள்ளோ ஏதோ நடக்கின்றது என்பதற்கான அறிவிப்புகள். பூச்சினால் அவற்றை வாயடைக்க இயலாது.

நாங்கள் செய்த சோதனைகள்

நம் பாதை 108 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது; 9 கட்டங்கள் கொண்டது. கேட்டிலிருந்து தொடங்கி அவற்றுக்கு 1 முதல் 9 வரை எண்ணிட்டோம். விலையுயர்ந்த கருவி எதுவும் பயன்படுத்தவில்லை. நீங்களும் உங்கள் வீட்டு முற்றத்தில் செய்து பார்க்கத்தக்க எளிய சோதனைகளே இவை.

முதலாவது, ஒவ்வொரு விரிசலும் முடியும் முனையில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினோம். பெரிய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை இருபுறமும் ஒட்டிவைத்தோம். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். மழை ஓய்ந்த பின்னர் பார்த்தபோது 1, 4 ஆகிய கட்டங்களில் கண்ணாடி முழுதாக இருந்தது. 6, 7, 8 ஆகிய கட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

இரண்டாவது, சுத்தியலால் ஓரடிக்கு ஒருமுறை தட்டிக் கேட்டோம். அடியில் மண் தாங்கி நிற்கும் இடத்தில் கணீரென்னும் ஓசை எழுந்தது. 6ஆம் கட்டத்தின் பாதியிலிருந்து 8ஆம் கட்டத்தின் இறுதிவரை பானையைத் தட்டினாற்போல் வெற்றோசையே கேட்டது. அங்கே தளத்துக்கும் மண்ணுக்கும் இடையில் பிடிமானம் இல்லை.

மூன்றாவது, நீர்நிரப்பிய டியூபினால் மட்டம் பார்த்தோம். 5ஆம் கட்டத்தைவிட 6ஆம் கட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. முதியவர் இடறிய இடம் அதுவே. மற்றக் கட்டங்களுக்கிடையில் சொல்லத்தக்க ஏற்றத்தாழ்வு இல்லை.

நான்காவது, 7ஆம் கட்டத்தின் ஓரத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டினோம். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. நான்கு அங்குலம் என்று நாம் எண்ணியிருந்த தளம் அங்கே மூன்று அங்குலமே இருந்தது. அடியில் ஜல்லி இல்லை. நிரவிய மண்ணின் மேலேயே ஊற்றியிருக்கின்றனர். அம்மண்ணும் ஒரு கை நுழையும் அளவுக்குக் கரைந்து போயிருந்தது. ஹவுளின் கழிவுநீர்க் குழாயில் நீலம் கலந்த நீரை ஊற்றினோம். சற்று நேரத்தில் அந்த நீலம் குழிக்குள் கசிந்தது. பாதைக்கு அடியில் குறுக்கே செல்லும் குழாயின் இணைப்பு விலகியிருக்கின்றது. ஒவ்வொரு வக்திலும் ஒளுச் செய்யும் நீரில் ஒரு பகுதி மண்ணை அரித்துக்கொண்டே இருந்திருக்கின்றது.

நீரும் பாரமும்

அடிமண் கரைந்தது ஒரு காரணம். அதன்மேல் ஏறிய பாரம் மற்றொன்று. இந்தப் பாதை அமைக்கப்பட்டபோது இருசக்கர வண்டிகளும் ஓரிரு கார்களுமே வந்து சென்றன. பின்னர் கோடையில் தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் நீரின் எடை மட்டுமே 12 டன். அந்த லாரி கேட்டைக் கடந்து, நிலத்தடித் தொட்டி இருக்கும் 7ஆம் கட்டத்தில் வந்து நிற்கின்றது.

பாரம் இருமடங்கானால் சேதமும் இருமடங்காகும் என்று நாம் நினைப்போம். அது சரியன்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சோதனைச் சாலைகள் அமைத்து, அவற்றின்மேல் லாரிகளை இடைவிடாது ஓட்டி ஆராய்ந்தனர். ஓர் அச்சின்மேல் விழும் பாரம் இருமடங்கானால் சாலைக்கு விளையும் தேய்மானம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்றும், மும்மடங்கானால் 81 மடங்காகும் என்றும் அதிலிருந்து அறியப்பட்டது. நெடுஞ்சாலைக்குக் கண்ட இக்கணக்கு நம் பாதைக்கு அப்படியே பொருந்தும் என்று கூறவில்லை. ஆயினும் ஒரு கோடையில் வந்த சில லாரிகள், ஆண்டு முழுவதும் வந்த கார்களைவிட அதிகச் சேதம் விளைவித்திருக்கும் என்பதை உணர இது போதும். மூன்று அங்குலத் தளம், அடியில் வெற்றிடம், மேலே லாரி. அது உடைந்ததில் வியப்பில்லை. இத்தனை நாள் தாங்கியதே வியப்பு.

மூன்று வழிகள்

இப்போது நம்முன் மூன்று வழிகள் உள்ளன. விலைவாசி மாதந்தோறும் மாறுவதால் பெறப்பட்ட விலைப்புள்ளிகளை அறிவிப்புப் பலகையில் வைத்துள்ளோம். மாறாத அளவுகளை மட்டும் இங்கே கூறுகின்றோம்.

முதல் வழி, அனைத்தையும் செப்பனிடுவது. விரிசல்களை அடைத்து, பள்ளத்தை நிரவுவது. 6, 7, 8 ஆகிய கட்டங்களுக்கு இது பயன்படாது. தாழ்ந்த தளத்தின் அடியில் துளையிட்டுக் கலவையைச் செலுத்தி உயர்த்தும் முறை ஒன்று உண்டு. ஆனால் கட்டம் முழுதாக இருந்தால்தான் அது கைகொடுக்கும். பல துண்டுகளாகிவிட்ட தளத்தை அவ்வாறு தூக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு மட்டத்தில் நிற்கும். ஏற்கெனவே செய்த தவறை வேறு வடிவில் செய்வதாகவே அது முடியும்.

இரண்டாம் வழி, முழுவதையும் பெயர்த்துவிட்டு 6 அங்குலக் கனத்தில் புதிதாக ஊற்றுவது. இதற்கு 648 கன அடி, அதாவது ஏறத்தாழ 18 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்னும் கலவையில் 147 மூட்டை சிமெண்ட் செலவாகும். பழைய தளத்தை 4 அங்குலம் எனக் கொண்டால் உடைத்து அகற்ற வேண்டிய இடிபாடு 29 டன் அளவில் இருக்கும். இதில் மூன்றில் இரண்டு பங்கு, உறுதியாக நிற்கும் தளத்தை உடைப்பதற்கே போகும்.

மூன்றாம் வழி, கெட்டதை மட்டும் மாற்றி, நல்லதைக் காப்பது. மூன்று கட்டங்களைப் பெயர்த்துப் புதிதாக ஊற்ற 216 கன அடி கான்கிரீட்டும் 49 மூட்டை சிமெண்டும் போதும். 1, 4 ஆகிய கட்டங்களின் விரிசல்களை ‘வி’ வடிவில் வெட்டிச் சுத்தம் செய்து, வெயிலுக்கும் குளிருக்கும் நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசையால் அடைத்தால் நீர் உள்ளே இறங்காது. 2, 3, 5, 9 ஆகிய நான்கு கட்டங்களின் இணைப்புகளைத் துப்புரவாக்கி அடைப்பதன்றி வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

செப்பனிடும் செலவு புதிதாக அமைக்கும் செலவில் பாதியைத் தாண்டினால் புதிதாக அமைப்பதே சிக்கனம் என்பது கட்டடத் தொழிலில் பலரும் கொள்ளும் தோராய விதி. நம் பாதையில் ஒன்பதில் ஆறு கட்டங்கள் நன்றாக உள்ளன. ஆதலால் மூன்றாம் வழியையே எங்கள் குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கின்றது.

ஒட்டுப்போட்டதுபோல் தெரியாதா?

தெரியும். புதிய கட்டங்கள் வெளிறியும் பழையவை கறுத்தும் சில ஆண்டுகள் தோன்றும். இதை மறைக்கப் போவதில்லை. வண்ணம் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 29 டன் இடிபாட்டை உண்டாக்குவது முறையா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஜமாஅத்தின் பணம் நம்மிடமுள்ள அமானிதம்.

பாதை முழுவதும் வண்ணப் பேவர் கற்கள் பதிக்க முழுச்செலவையும் ஏற்பதாக அன்பர் ஒருவர் முன்வந்துள்ளார். அவருடைய நல்ல உள்ளத்துக்கு நன்றி கூறுகின்றோம். பேவர் கற்களைக் குறைகூறவில்லை. பழுதானால் எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம் என்பது அவற்றின் பெரிய வசதி. ஆனால் அடிமண் கரைந்தால் கற்களும் அமிழும். குழாய் கசிந்தால் மணல் படுகையும் அரிக்கும். மேலே எதைப் பரப்பினாலும் கீழே தாங்குவது மண்தான். ஆகவே அந்த அன்பர் இசைந்தால், முதலில் குழாய்க்கும் அடித்தளத்துக்கும் ஆகும் செலவை ஏற்குமாறு வேண்டுகின்றோம். மண்ணுக்குள் புதையும் அந்த வேலையை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பாதையில் நடக்கும் ஒவ்வொருவரையும் தாங்கப் போவது அதுவே.

வேலை நடைபெற வேண்டிய முறை

ஒப்புதல் கிடைத்தால் வேலையை இந்த வரிசையில் செய்ய எண்ணியுள்ளோம்.

முதலில் குழாய். ஹவுளின் கழிவுநீர்க் குழாயை முழுவதும் மாற்றி, நீர் நிரப்பிக் கசிவில்லை என்று கண்டபின்பே மண்ணை மூட வேண்டும். இரண்டாவது, தண்ணீர் லாரி. கேட்டின் ஓரத்தில் ஒரு குழாய் வாயும், அங்கிருந்து நிலத்தடித் தொட்டி வரை ஒரு குழாயும் அமைத்தால் லாரி தெருவிலேயே நின்று நீரை இறக்கலாம். அதன்பின் லாரி உள்ளே வரவே வேண்டியதில்லை. எஞ்சிய ஆறு கட்டங்கள் நீடிக்க வேண்டுமானால் இதைத் தவிர வேறு வழியில்லை. ஆம்புலன்ஸும் ஜனாஸா ஊர்தியும் வழக்கம்போல் வரலாம்.

மூன்றாவது, அடித்தளம். கரைந்த மண்ணை அள்ளிவிட்டு, கிராவல் மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாகப் பரப்பி, நனைத்து, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லிப் படுகை. நான்காவது, கான்கிரீட். 6 அங்குலக் கனம். முன்பு தவறாயிருந்த அதே 12 அடி இடைவெளி, 6 அங்குலக் கனத்துக்குச் சரியான அளவாகிவிடுகின்றது. ஓரடிக்குக் கால் அங்குலம் வீதம் கட்டடத்திலிருந்து வெளிப்புறமாகச் சரிவு வேண்டும். மேற்பரப்பைக் கரணையால் மழமழவென்று தேய்க்கக் கூடாது. ஈரக் காலுடன் நடப்போர் வழுக்காதபடி மெல்லிய துடைப்பக் கோடுகள் இட வேண்டும்.

கலவையில் ஊற்றும் நீரைப் பற்றி ஒரு சொல். நீர் கூடினால் வலிமை குறையும் என்பதை டஃப் ஆப்ராம்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1918இல் விளக்கமாக வெளியிட்டார். சிமெண்டின் எடையில் பாதி அளவு நீர் என்று கொண்டால் 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர்தான். மணலில் ஈரம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். பரப்புவதற்கு எளிதாக இருக்கிறது என்று வேலையாட்கள் மேலும் ஒரு வாளி ஊற்றுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அந்த ஒரு வாளியைத் தடுப்பதற்காகவே, கான்கிரீட் போடும் நாளில் குழுவில் இருவர் அங்கேயே நிற்பார்கள்.

நம் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேலும், கம்பியில்லாததற்கு 2,000 மில்லிகிராமுக்கு மேலும் இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456இன் வரம்பு. ஆகவே நீரைச் சோதித்த பின்பே கலவை தொடங்கும். கம்பி வலை போட வேண்டும் என்று சிலர் கருதுகின்றனர். கம்பி விரிசலைத் தடுப்பதில்லை. வந்த விரிசல் அகலாமல் பிடித்து வைக்கும். அதற்கும் அது தளத்தின் மேற்பாதியில் இருக்க வேண்டும். மண்ணோடு மண்ணாய்க் கிடந்தால் துருப்பிடிப்பதே மிச்சம். அடித்தளம் உறுதியாக இருந்தால் இந்த மூன்று கட்டங்களுக்கும் கம்பி தேவையில்லை என்பது எங்கள் முடிவு.

ஊற்றியபின் பாத்தி கட்டியோ ஈரச் சாக்கு போர்த்தியோ நனைத்து வைக்க வேண்டும். அதே தர நிர்ணயம், சாதாரண சிமெண்டுக்கு 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டுக்கும் வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்துக்கும் 10 நாளும் குறைந்த அளவாக விதிக்கின்றது. நாம் 14 நாள் நனைப்போம். ஒரு வாரத்துக்குப்பின் கார் செல்லலாம். 28 நாள் ஆகும்வரை கனத்த வண்டி எதுவும் ஏறலாகாது. அதுவரை அனைவரும், ஜும்ஆ நாளில் வருவோர் உட்பட, வடக்கு வாசலைப் பயன்படுத்தியருள வேண்டுகின்றோம். ரமளான் மாதம் குறுக்கிடாதபடி வேலையைத் தொடங்க எண்ணம்.

ஒப்பந்தம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள பெல்பவுண்டன் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் பார்த்தலமியூ என்பவர் 1891இல் கான்கிரீட் சாலை அமைக்க முன்வந்தார். அந்நாளில் அது ஒரு புதுமை. நகராட்சியார் அவரிடம் 5,000 டாலர் உறுதித்தொகை கேட்டனர். சாலை ஐந்தாண்டு நிலைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் இசைந்தார். ஐந்தாண்டு கேட்ட அந்தப் பழைய கான்கிரீட்டில் ஒரு பகுதி, நூறாண்டு கடந்தும் நிலைத்துள்ளது.

நாம் நூறாண்டு கேட்கவில்லை. ஆனால் அந்த நகராட்சியாரின் எச்சரிக்கையைக் கடன் வாங்கிக்கொள்கின்றோம். ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஒரு மழைக்காலம் கடந்து மட்டம் மாறவில்லை என்று கண்டபின்பே வழங்குவோம். கான்கிரீட் ஊற்றும்போதே இரு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கனசதுரங்கள் வீதம் எடுத்து, 28ஆம் நாள் வலிமை சோதிக்கப்படும். அதன் முடிவு அடுத்த ஆண்டறிக்கையில் அச்சிடப்படும்.

உங்கள் இல்லங்களுக்கும்

இக்கூட்டத்தில் பலர் வீட்டு முன்றிலில் கான்கிரீட் தளம் போட்டிருக்கின்றீர்கள். அதில் விரிசல் கண்டவுடன் கொத்தனாரை அழைக்குமுன் ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். விரிசல் அசைகின்றதா, நின்றுவிட்டதா? இரு பக்கமும் ஒரே மட்டமா? தட்டினால் வெற்றோசை கேட்கின்றதா? மழைநீரும் கழிவுநீரும் எங்கே செல்கின்றன? முன்பு ஏறாத பாரம் எதுவும் இப்போது ஏறுகின்றதா? முதல் மூன்றும் நலமாயின் அடைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். நலமில்லையாயின் கடைசி இரண்டுக்கும் விடை கண்டு, காரணத்தை நீக்கிய பின்பே புதிய தளத்துக்குச் செலவிடுங்கள். காரணத்தை விட்டுவிட்டுத் தளத்தை மட்டும் மாற்றுபவர் சில ஆண்டுகளில் அதே செலவை மீண்டும் செய்ய நேரும்.

நிறைவாக

பெரியோர்களே! இந்தப் பாதையில்தான் நம் சிறுவர்கள் ஓடி வருகின்றனர். முதியோர் கைத்தடி ஊன்றி வருகின்றனர். நம் ஒவ்வொருவரையும் சுமந்த சந்தூக்கும் ஒருநாள் இதன் வழியேதான் செல்ல இருக்கின்றது. அதைத் தோள்மேல் தாங்கி வருவோர் கால் இடறாமல் நடக்க வேண்டும். அதற்கு வேண்டியதைச் செய்வோம், வேண்டாததைச் செய்யாதிருப்போம்.

6, 7, 8 ஆகிய கட்டங்களைப் புதிதாக அமைக்கவும், ஏனையவற்றைச் செப்பனிட்டுக் காக்கவும், குழாய் வேலையை முதலில் முடிக்கவும், தண்ணீர் லாரியை உள்ளே அனுமதியாதிருக்கவும் ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவை வேண்டுகின்றோம். மாற்றுக் கருத்துடையோர் தயங்காமல் எழுந்து கூறுங்கள். நாங்கள் ஒருமுறை தவறியவர்கள். இம்முறை திருத்தப்பட விரும்புகின்றோம்.

விழுந்த அந்தப் பெரியவர் நலம்பெற்று இன்று நம்மிடையே அமர்ந்திருக்கின்றார். வேலை முடிந்த அன்று அப்பாதையில் முதலில் அவரே நடந்து வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. இறைவன் நாடுவானாக.